கையை உதறியவள்

கோயில் வளைவில் லோரி எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகும் பிரேமாவதி டீச்சர் பிள்ளைகளைச் சாலையில் இறக்கவில்லை.

முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மறுபடியும் வலப்பக்கம். சொல்லிக் கொடுத்தபடியே எல்லாத் தலைகளும் திரும்பின. ஒன்றிரண்டு தலைகள் எதற்கும் இருக்கட்டும் என்று வானத்தையும் பார்த்துக்கொண்டன.

சாலைக்கு இந்தப் பக்கம் பாலர் பள்ளி, அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டத்துத் திடல். செர்டாங் பட்டணத்துக்குக் குறுக்குவழி என்று யாரோ கண்டுபிடித்ததிலிருந்து ஊரில் உள்ள வண்டியெல்லாம் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளோடு சேர்ந்து இந்தச் சாலையில்தான் ஓடுகிறது.

வியாழக்கிழமை என்றால் பிள்ளைகளுக்குத் திடலில் விளையாட்டு. நீளமான கயிற்றில் முடிச்சுகள் போட்டிருக்கும். ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். கயிற்றின் முன்நுனி டீச்சரிடம், பின்நுனி உதவிக்கு வரும் இராசாத்தி அக்காவிடம்.

தர்வினிக்கு மட்டும் முடிச்சு கிடையாது. அவள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

போன மாதம் இதே இடத்தில்தான் அவள் அம்மா உமாராணியின் கையை உதறிவிட்டு நடுச்சாலைக்குப் போய்விட்டாளாம். லோரி ஒன்று அப்போதுதான் கடந்து போயிருந்தது. அதன் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பிரேக்கை அழுத்திச் சறுக்கி விழுந்தார். நல்ல வேளையாக இருவருக்கும் முட்டியில் சிராய்ப்போடு போயிற்று.

உமாராணிக்குப் போன உயிர் திரும்பி வர வெகு நேரமாயிற்று. அந்தப் பதற்றத்தில் மகளின் தொடையில் நன்றாகக் கிள்ளிவிட்டாள். கையை உதறிவிட்டு ஓடிவிட்டாள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

ஐந்து வயதுப் பிள்ளை அதற்கு ஒரு வார்த்தையும் பதில் பேசவில்லை. அடம் பிடித்தவள் என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே பேச்சு. ஒரு பிள்ளைக்காக எல்லாப் பிள்ளைகளையும் ஆபத்தில் விட முடியுமா, அவளை வகுப்பிலேயே உட்கார வையுங்கள் என்றார்கள். பிரேமாவதி டீச்சர்தான் மன்றாடி இந்த ஒரு வாரம் வாங்கியிருந்தார். இன்று மறுபடியும் உதறினாள் என்றால் தர்வினிக்கு இனி திடல் கிடையாது.

டீச்சருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஹாரன் சத்தம் கேட்டால் பதறி ஒதுங்கும். இங்கே வளைவில் இருக்கும் முனீஸ்வரருக்கு வணக்கம் சொல்ல ஹாரன் அடிக்காமல் ஒரு லோரியும் போகாது. சீன டிரைவர்கள்கூட அடித்துவிட்டுத்தான் போவார்கள். தூங்கும்போதும் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எப்படிப் பயப்படும்?

அதனால் வகுப்பறையிலேயே நாற்காலிகளுக்கு நடுவே கயிற்றைப் பிடிக்க வைத்து, தானே ஹாரன் போலக் கத்திக் கத்திப் பழக்கினார். சத்தம் கேட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், பிடித்த பிடியை விடக் கூடாது. தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று இராசாத்தி அக்கா கேலி செய்தார்.

இப்போது டீச்சர் குனிந்து மெல்லச் சொன்னார்.

“இன்னிக்காச்சும் டீச்சர் கைய உதறாம வா லா, தர்வினி.”

தர்வினி தலையாட்டினாள். கயிறு சாலையில் இறங்கியது.

பாதிச் சாலை கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். வளைவில் இருந்து லோரி ஒன்று செம்பனைக் குலைகளோடு திரும்பியது. கோயிலுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து இரண்டு முறை ஹாரன் அடித்தது.

பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஒரு விரல்கூட முடிச்சை விடவில்லை. பின்னால் யாரும் யாரையும் இடிக்கவில்லை.

டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முனீஸ்வரா, என் பிள்ளைகளைக் காப்பாற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவரும் இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான்.

பிரேக் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

லோரி சற்றுத் தள்ளி நின்றிருந்தது. டிரைவர் இருளப்பன் தலையை வெளியே நீட்டி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த இடத்தை டீச்சரும் குனிந்து பார்த்தார்.

தன் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பியபடி இருந்தன.

இதைவிட அவமானம் டீச்சருக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. தர்வினி எங்கே என்று தேடத் தலையைத் திருப்பவும் பயமாக இருந்தது.

தர்வினி பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒரு கையில் டீச்சரின் சுடிதாரைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். மறு கையில், கீழே விழுந்துவிட்ட கயிற்றின் நுனி.

டீச்சர் அழப்போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, அண்ணாந்து பார்த்து ஆறுதலாகச் சொன்னாள்.

“பரவால்ல டீச்சர். அன்னிக்கு அம்மாவும் இப்படித்தான் கைய விட்டுட்டுக் கும்பிட்டாங்க.”