பதினைந்து வருடச் சேறு

“ஐயோ அம்மா, கையை எடு! என்ன பண்ற நீ?”

அலோனா போட்ட சத்தத்தில் கண்காட்சிக் கூடத்துக் காவலாளிகூட ஓடி வந்துவிட்டார்.

நெனித்தா நிமிர்ந்தே பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சாப்பாட்டு மேஜையின் காலைத் தேங்காய் மட்டையால் வரட் வரட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆளுங்க வர்றாங்கன்னு சொன்ன. வீட்டை இப்படியா போட்டு வச்சிருப்ப? நாலு பேர் பார்த்தா என்னைத்தான்டி சொல்லுவாங்க.”

“இது வீடில்லம்மா! கண்காட்சி!”

“நம்ம மேஜை, நம்ம நாற்காலி, சுவத்துல நம்ம பெரிய மரக்கரண்டி. ஆனா வீடு இல்லையாம்!”

அலோனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் தனியாக வைக்கும் முதல் கண்காட்சி இது. மரிகினா ஆறு அவர்கள் வீட்டுக்குள் புகுந்த அந்த நாளை, சேறு படிந்த தட்டுமுட்டுச் சாமான்களோடு இங்கே அப்படியே நிறுத்தியிருந்தாள். அன்றைக்குத்தான் அப்பா எர்னிங் அவளை மர அலமாரியின் உச்சியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வரப் போனார். போனவர் போனவர்தான்.

ஷூ பட்டறை எந்திரம் மோதிர விரலில் பாதியை வாங்கிக்கொண்ட கை அவருடையது. ‘நாலரை விரல்காரன்’ என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் மணிலா அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிடித்துப்போனால் இந்த வீட்டை மொத்தமாக வாங்கி, நிரந்தரமாக வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அலோனாவைப் பிடிக்க ஆளிருக்காது.

வாசலில் பலகை: ‘எங்கள் வீடு – பதினைந்து வருடமாகக் கழுவப்படாத நினைவு.’

அந்த நினைவில் பாதி இப்போது வாளிக்குள் கலங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, துடைத்த மேஜை மேல் வாழையிலை விரித்து ஒரு தட்டு நிறைய பான்சித் நூடுல்ஸ்.

“இது எதுக்கும்மா இங்க?”

“வர்றவங்களை வெறும் வயித்தோடயா அனுப்புவ?”

கண்காட்சிப் பொறுப்பாளர் ஃபாபியன் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “என்ன அலோனா இது? அந்தச் சேறுதானே எல்லாமே!”

“நான் என்ன சார் பண்றது? அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம்! வெள்ளம் வடிஞ்ச மறுநாளே அப்பா சட்டையெல்லாம் வெளுத்துக் காயப்போட்டுட்டாங்க. ஒரு சொட்டு கண்ணீர் கிடையாது. தேய்ச்சு தேய்ச்சு வீடு மொத்தத்தையும் கழுவி...”

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கழுவிட்டாங்களா?” ஃபாபியன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இந்தச் சேறு?”

“ஆத்தங்கரையில பக்கெட் பக்கெட்டா அள்ளிட்டுப் போனாளாம் சார். எதிர்வீட்டுக்காரி சொன்னா,” என்றாள் நெனித்தா, பெண்ணின் உழைப்பைச் சொல்லும் பெருமையோடு.

அலோனாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“சார், நினைவு நிஜம்தான் சார். சேறு மட்டும்தான்...”



நெனித்தா எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் நடந்தாள். அதன் இடது கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். சின்ன வயதில் அதில் கை வைத்தால் மண்டையில் குட்டு விழும். அம்மா லகூனா பக்கம் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துத்தான் அலோனா அலமாரியைத் தூக்கி வந்தாள். பூட்டை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு கிழிந்த சட்டைகூட இல்லை. கதவின் உள்பக்கம் ஏதோ பழைய கறை மட்டும் இருந்தது. அது பார்க்க எடுப்பாக இல்லை என்று அதன் மேல் இரண்டு கை சேறு கூடுதலாகவே அப்பி, கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

“அந்தக் கதவையாவது விடும்மா. உன் கால்ல விழறேன்!”

“அலமாரியைக் காணோம்னதும் இதுக்குத்தான்டி அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தேன். மத்ததெல்லாம் கை சும்மா இருக்க மாட்டாம செஞ்சது.”

மட்டையைக் கீழே போட்டாள். தோளில் கிடந்த மெல்லிய துணியை நனைத்தாள். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலப் பதமாக ஒற்றி ஒற்றி எடுத்தாள். புதுச் சேறு கரைந்து வழிந்தது. அடியில் இருந்தது மட்டும் போகவில்லை. அதன் மேல் வார்னிஷ் மினுங்கியது.

ஒரு உள்ளங்கை. நாலரை விரல்.



“உன்னை மேல ஏத்தும்போது, திறந்து கிடந்த இந்தக் கதவுலதான் அப்பா கை ஊனியிருக்காரு. அழிஞ்சிடக் கூடாதுன்னு, ஷூவுக்கு அடிக்கிற வார்னிஷை அவர் பட்டறையிலயே கேட்டு வாங்கிப் பூசினேன்.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீயும் தினமும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்ப. நான் அழுதது போதாதா?”

அலோனா அந்தப் பாதி விரலின் மேல் தன் விரலை வைத்தாள். அழுகை நிற்கவில்லை. நெனித்தா துணியைப் பிழிந்து, மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த சேற்றையும் துடைத்துவிட்டாள்.

“வீடு மொத்தத்துலயும் நான் கழுவாம வச்சிருந்தது இது ஒண்ணுதான்டி கண்ணு. இது மேலயா போய்ச் சேறு பூசுவ?”