இசைவாணி எடுத்த துடைப்பம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உலையில் போட்ட அரிசி வேகிறதுக்குள் முடிந்துவிடும், சின்னக் கதைதான்.

“எம் பொண்ணு கையில தொடப்பத்தைக் குடுத்தது யாரு, டீச்சர்?”

வகுப்பு வாசலில் நின்று கேட்டார் அன்புச்செல்வன். பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் அம்சவள்ளி நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர் நீட்டிய போனில், ஜன்னல் வழியாக அவரே எடுத்த வீடியோ ஓடியது. அதில், ஜப்பான் பள்ளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த அவர் மகள் இசைவாணி குனிந்து வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“உள்ள வந்து உக்காருங்க சார்.”

“நின்னுக்கினே பேசறேன். இது நேரா விழுப்புரம் கல்வி ஆபீசுக்குப் போவும். அப்புறம் என்ன ஆவும்னு தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? இப்படி ஒரு வீடியோவால் சஸ்பெண்டு ஆன பக்கத்து ஊர் டீச்சர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். அம்சவள்ளி வீட்டிலோ சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

“சத்தியமா நான் சொல்லல சார். பாப்பாவே போய் எடுத்துக்கிச்சு. வாணாம்மான்னா, ‘ஜப்பான்ல நாங்கதான் பெருக்குவோம்’னுது. ஆசையா செய்யுதேன்னு விட்டுட்டேன்.”

“ஆமாம்பா” என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் இசைவாணி. “அங்க பெல்லடிச்சா எல்லாரும் பெருக்குவோம்ல? நான் ஜன்னல் தொடைப்பேன், ஹருக்கி போர்டு தொடைப்பான். மிஸ்ஸுகூட முட்டி போட்டுத் தரை தொடைப்பாங்க. இங்க ஆயாம்மா ஒருத்தரே செய்யறாங்க. பாவம்.”

“நீ சும்மா இரு, வாணி.”

“அங்க நீதானேப்பா என்னைப் போட்டோ எடுத்து, ‘எம் பொண்ணைப் பாரு’ன்னு எல்லாருக்கும் அனுப்பினே?”

அம்சவள்ளிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அங்கே பெருக்கினால் பெருமை, இங்கே பெருக்கினால் கேவலமா? அந்தஸ்து பார்க்கிறவர், திண்டிவனத்தில் இத்தனை இங்கிலீஷ் மீடியம் இருக்க, இந்த அரசுப் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏன் சேர்த்தாராம்?

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, டீச்சர். மத்த பசங்க கையில தொடப்பம் இருந்துச்சா?”

“இல்லீங்க. பாப்பா மட்டுந்தான். மத்ததுங்க வேடிக்கை பாத்துக்கினு இருந்துச்சுங்க.”

அவர் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்ததும் அம்சவள்ளிக்கு வாய் அடங்கவில்லை.

“தொடப்பம் புடிச்சா பெரிய எடத்துப் பொண்ணுக்குக் கை தேஞ்சிடுமா சார்?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொலைந்தது வேலை.

ஆனால் அன்புச்செல்வன் கோபப்படவில்லை. மூலையில் சாய்ந்திருந்த துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் தட்டி, அவள் கண்ணெதிரிலேயே அந்த வீடியோவை அழித்தார்.

“நாளைலேருந்து மொறை வெச்சி எல்லாப் பசங்களையும் பெருக்கச் சொல்லுங்க. நீங்களும் பெருக்குங்க. அப்ப எம் பொண்ணும் பெருக்கட்டும். நானே வந்து போட்டோ எடுக்கறேன்.”

அம்சவள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“இதுக்கா சார் இவ்ளோ கோவம்?”

இசைவாணியைக் காரில் போய் உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நானும் இதே கிளாஸ்லதான் படிச்சேன், டீச்சர். அப்பவும் தொடப்பம் இதே மூலைலதான் இருக்கும். காலனிப் பசங்களை மட்டும் பேர் சொல்லிக் கூப்புட்டு எடுக்கச் சொல்லுவாங்க. மொதப் பேரு என்னுது.”

உங்கள் வீட்டு வாசல் என்றைக்கும் துலங்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் எந்த வரிசையிலும் தனியாக நிற்காமல் இருக்கட்டும்.