தண்ணீர் போகும் பக்கம்

மருந்து ஏற்றும் இயந்திரத்தின் எண்ணை அவர் மறுபடியும் போய்ப் பார்த்தார். சற்றுமுன் பார்த்த அதே எண்தான்.

"இதைக் கொஞ்சம் வேகமா வைக்கக் கூடாதாம்மா?"

நாலாவது முறையாகக் கேட்கிறார். நர்ஸ் முகம் சுளிக்கவில்லை.

"உப்பு மெதுவாத்தான் ஏறணும் சார். அவசரப்பட்டா அதுவே ஆபத்து."

உட்கார்ந்தார். எழுந்தார். சன்னல் வரை போனார். கால் தரையில் பாவவில்லை.

கட்டிலில் மகள். இருபத்தொரு வயது. காலையில் தீயணைப்புத் துறை உடற்தகுதித் தேர்வுக்காக மைதானத்தில் வரிசையில் நின்றவள், திடீரென்று வாந்தி எடுத்தாள். பிறகு கை கால் வெட்டி இழுத்து விழுந்தாள். ஆம்புலன்ஸில் ஒரு முறை கண் திறந்து அவரை "சார்" என்று கூப்பிட்டாள்.

அதே துறையில் இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுபவர் அவர். எரியும் வீட்டின் முன்னால் நிற்கும்போதுகூட அவர் இப்படித் தவித்ததில்லை.

ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, நூற்று முப்பத்தைந்தாவது இருக்க வேண்டும், இவளுக்கு நூற்றுப் பதினேழுதான் என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருக்கிறாள்.

"எதுக்கு இவ்வளவு குடிச்சா?"

"வெயில் டாக்டர்," என்றாள் மனைவி. பக்கத்தில் நின்ற கணவரும் தலையாட்டினார்.

மனைவி பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள். பாதி வகுப்பில் ஓடி வந்திருந்தாள். விரல்களில் சாக்பீஸ் தூள். பயம் வந்தால் பாடம் நடத்துவாள், அது அவள் சுபாவம். அவருக்குக் குடலிறக்க அறுவை நடந்த அன்றும் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்து குடலின் நீளத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போதும் ஆரம்பித்தாள்.

"செல்லைச் சுத்தி ஒரு சவ்வு இருக்குங்க. உப்பை லேசுல விடாது, தண்ணிய விட்டுடும். எந்தப் பக்கம் உப்பு ஜாஸ்தியோ, தண்ணி அந்தப் பக்கம் போகும்."

"சரி."

"ரத்தத்துல உப்பு நீர்த்துப் போச்சுல்ல? அதான் தண்ணி செல்லுக்குள்ள போகுது. செல் வீங்குது."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சோடியத்தை வெளிய தள்ள ஒவ்வொரு செல்லுலயும் குட்டிக் குட்டி பம்ப் இருக்கு. நிக்காம ஓடும். மூளை செலவழிக்கிற சக்தியில பெரும்பங்கு அதுக்கே போயிடும். ஆனா இவ்வளவு தண்ணி ஒரேயடியா வந்தா பாவம், அது என்ன பண்ணும்?"

"போதும், விடு."

"கை கால்ல வீங்கினா இடம் இருக்கு. மூளை மண்டையோட்டுக்குள்ள இருக்குங்க. அது எங்க போகும்?"

அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். அங்கும் நிற்க முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. திரும்பி வந்தார்.

மூன்று மணிக்கு இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நூற்று இருபத்திரண்டு.

"ஏறுது சார். சரியான வேகத்துல ஏறுது," என்றாள் நர்ஸ்.

மனைவி முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தாள்.

சிறிது நேரத்தில் மகளின் இமைகள் அசைந்தன. அவர் குனிந்து, "கண்ணு, நான் யாருன்னு தெரியுதா?" என்றார்.

அவள் அவரையே வெகுநேரம் பார்த்தாள். உதடு பிரிந்தது.

"போதும்ப்பா. இதுக்கு மேல ஒரு வாய்கூட இறங்காது. எடை வராட்டி போகட்டும்."

நர்ஸ் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

குறைந்தது ஐம்பது கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. காலையில் வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது மகள் நாற்பத்தேழு. வரிசை நகர நகர, அவர்தான் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டில்களின் மூடியைத் திறந்து திறந்து நீட்டியிருந்தார். அவரும் அந்தக் காலத்தில் அப்படித் தண்ணீரால் எடையை ஏற்றிக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்தார்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எத்தனை பாட்டில்?"

அவர் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.