வாயாடிக்கு ஒரு பதில்

"'ஒரிஜினல் ரசிகன்'ங்கிற பேர்ல அந்தக் கண்றாவியை எல்லாம் எழுதுறது நீங்கதானா அண்ணே?"

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார். கவுன்டரில் இருப்பவள் கையில் போனோடு வாசலை மறித்து நின்றாள்.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? 'குத்தம் கண்ணாடியில இல்ல, பாக்குற கண்ணுல'ன்னு கஸ்டமர்கிட்ட அளப்பீங்களே, அது அப்படியே இங்கே இருக்கு. உங்களைத் தெரிஞ்சவங்க யார் படிச்சாலும் கண்டுபிடிச்சுடுவாங்க."

மாட்டிக்கொண்டவர் அசடு வழியச் சிரித்தார்.

விஷயம் இதுதான். இரண்டு பேருக்கும் பிடித்த பாடகர் ஒருவர். தேன் குரல். அதை வைத்துக்கொண்டு மனுஷன் சும்மா இருந்திருக்கக் கூடாதோ? வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களைப் பூச்சி, புழு என்று யூடியூபில் ஏசியே பெயர் வாங்கிய ஒருவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிரித்துப் பேசினார். போதாக்குறைக்கு, "என் மனசுல இருக்கிறதைத்தான் தம்பி சொல்றாரு" என்று முதுகிலும் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து, நம்பர் காட்டாமல் புனைபெயரில் எழுதும் ரசிகர்களின் டெலிகிராம் குரூப் ரெண்டுபட்டுப் போயிற்று.

பாதிப் பேர் இனி அவர் பாட்டே வேண்டாம் என்றார்கள். மீதிப் பேர் பாட்டு வேறு, ஆள் வேறு என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். இரண்டே இரண்டு பேர் மட்டும் நாற்பது நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று 'வாயாடி'. இன்னொன்று 'ஒரிஜினல் ரசிகன்'.

"அந்த வாயாடி எவ்வளவு நியாயமா கேக்குறா! 'அவன் முதுகுல தட்டின கை, மைக்கைப் பிடிச்சதும் சுத்தமாயிடுமா'ன்னு கேக்குறா. அதுக்கு நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'சமையல்காரன் யாருக்கு ஓட்டுப் போட்டான்னு கேட்டுட்டுத்தான் சாப்பிடுவியா?' இதெல்லாம் ஒரு பதிலா?"

"கொஞ்சம் சப்பையாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். "நாளைக்கு நல்லதா ஒண்ணு யோசிக்கணும்."

"நம்ம கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் பிழைக்க வந்தவங்கதானே? அவங்க கண்ணுக்கு லென்ஸ் தேய்ச்சுக்கிட்டே எப்படி அண்ணே இப்படி எழுத மனசு வருது? உங்களைப் போய் நல்ல மனுஷன்னு நினைச்சேன் பாருங்க!"

படபடவென்று பொரிந்தவள், திரும்பிப் போகப் பார்த்து நின்றாள்.

"இன்னும் அந்த ஆள் பாட்டைக் கேக்குறீங்களா?"

"இல்லம்மா. அந்த வீடியோவைப் பார்த்த அன்னைக்கே போன்ல இருந்ததை எல்லாம் அழிச்சுட்டேன். நானூறு பாட்டு. வயிறு எரிஞ்சுது."

"அப்புறம் என்ன எழவுக்கு இந்த வக்காலத்து?"

அவர் லென்ஸைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அந்த வாயாடி என் பொண்ணும்மா."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவை குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டா. பெத்தவனுக்கு அந்தக் குரல் தெரியாதா? தானா ஒருத்தரைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. 'இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே'ன்னு கத்தினேன். பொறந்ததுலேருந்து என் பேச்சு ஒண்ணைக்கூடக் கேக்காத கழுதை, இதை மட்டும் கேட்டுடுச்சு. மூணு வருஷம் ஆச்சு."

"இது நீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பேசுவாளா? தினமும் சாயங்காலம் பதில் போடுறா. திட்டித்தான் போடுறா. திட்டினா என்ன? சரின்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டா, மறுநாள் என்கிட்ட பேச அவளுக்கு என்ன இருக்கு?"

கவுன்டர்காரி தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள்.

"இப்ப வந்ததைப் பாக்கலியே நீங்க."

குரூப்பின் அட்மின் எழுதியிருந்தார். 'வாயாடி, ஒரிஜினல் ரசிகன்! உங்க சண்டை தாங்காம ஆளாளுக்கு ஓடுறாங்க. ஆறு மணிக்குள்ள ஒருத்தராவது விட்டுக்குடுக்கலைன்னா ரெண்டு பேரையும் தூக்கிடுவேன்.'

மணி ஐந்தே முக்கால்.

அவர் முகம் செத்துவிட்டது. ஒத்துக்கொண்டால் பேச்சு நின்றுவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் பேச இடமே இருக்காது.

"மனசுல இருக்கிறதை எழுதிடுங்க அண்ணே. குரூப்புல இருந்தா அவ மத்தவங்களோட பேசுறதையாவது பார்த்துக்கிட்டு இருக்கலாம்."

அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தன் போனில் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்.

'வாயாடி சொல்றதுதான் சரி. மொத நாள்லேருந்தே அதுதான் சரி. நான் வீம்புக்குப் பேசினேன். என் வீம்பால நான் இழந்தது போதும். மன்னிச்சுடும்மா.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"முடிஞ்சுதும்மா. இனிமே சாயங்காலம் வந்தா என்ன பண்ணுவேன்னு தெரியலை" என்றார்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். போன் அதிர்ந்தது. குரூப்பில் இல்லை, அவருக்கு மட்டும் தனியாக வந்திருந்தது. கண் நிறைந்துபோய் எழுத்து எதுவும் தெரியவில்லை அவருக்கு. கவுன்டர்காரிதான் வாங்கிப் படித்துக் காட்டினாள்.

"இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எப்படி அப்பா? நாளைக்கு நான் எதை வச்சு உங்ககிட்ட பேசுறது?"