பேக்கிங் பெரியவர்

"அந்தப் பெரியவரை இப்பத்தான் வீட்டுக்கு அனுப்பினேன் மேடம். கெஞ்சினாரு, அழுதாரு. உடைஞ்ச கப்பை பார்சல் கட்டின கைக்கு என் கம்பெனியில இடம் இல்லைன்னுட்டேன்."

போனில் இப்படி முழங்கிய முதலாளி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியில் கப்புகள், கட்டிலுக்கு மேல் அட்டைப் பெட்டிகள். ஆன்லைனில் கப் விற்கும் அந்தக் கம்பெனி மொத்தமே அவ்வளவுதான். அப்படியொரு பெரியவர் பிறக்கவே இல்லை.

பார்சல் கட்டியவரும் முதலாளியே, கைப்பிடியை உடைத்தவரும் அவரே. ஆனால் கோபத்தில் யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டால் கடை கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும், பிறகு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அதனால் புகார் வரும்போதெல்லாம் யாராவது ஒருவரை வேலையை விட்டுத் தூக்குவார். தூக்கியதைக் கடைப் பக்கத்திலும் பெருமையாக எழுதிப் போடுவார். ஸ்டிக்கர் ஒட்டும் பெண், லோடு ஏற்றுபவர், சூப்பர்வைசர் மூவரும் ஏற்கெனவே போயாயிற்று.

"இப்படியே போனா கம்பெனியில உங்களைத் தவிர யாருமே மிஞ்ச மாட்டாங்க" என்றாள் மனைவி, துணி மடித்தபடி. அவர் கையை ஆட்டி அவளை அடக்கினார்.

போனில் அந்த அம்மாள் பரிவோடு விசாரித்தார். பெரியவருக்கு எத்தனை வருஷ சர்வீஸ்? பதினோரு வருஷம் என்று அள்ளிவிட்டார் முதலாளி. கம்பெனிக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. முன்கூட்டியே நோட்டீஸ் ஏதாவது? நோட்டீசாவது ஒன்றாவது, நின்ற நிலையில் துரத்தினேன் என்றார். மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பாராட்டி எழுதத்தான் குறிப்பெடுக்கிறார் என்று இவருக்கு உச்சி குளிர்ந்தது. கப்பை நேரில் வந்து மாற்றிக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் விலாசமும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. புதுக் கப்பும் கையுமாகக் கதவைத் திறந்தார் முதலாளி. அந்த அம்மாள் கப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். தொழிலாளர் நலத்துறை.

முதலாளி கப்போடு சேர்த்துக் கும்பிட்டார். "மேடம், சத்தியமா இங்க வேலைக்குன்னு யாருமே கிடையாது. எல்லாமே நான் ஒருத்தன்தான்."

அதிகாரி அலுப்போடு ஃபைலைத் திறந்தார். கடைப் பக்கத்தில் புகார்களுக்கு முதலாளி எழுதிய பதில்கள் வரிசையாக அச்செடுத்துக் கோக்கப்பட்டிருந்தன.

"எல்லா முதலாளியும் மொதல்ல இதையேதான் சொல்றாங்க. நாளைக்கு அந்த நாலு பேரையும் ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."