பழகாத குருவி

ஐறீனுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையெண்டுதான் நான் நினைச்சன். ஏன் நினைக்கமாட்டன்?

கொழும்பு வெள்ளவத்தையிலை அவள் கீழ்வீடு, நான் மேல்வீடு. கனகாலப் பழக்கம். அவளின்ரை பக்கத்து அறையிலை கனகசபாபதி மாஸ்டர் வந்து இருந்தவர். யாழ்ப்பாணத்திலை கணக்குப் படிப்பிச்ச மனிசன். கொழும்புக்கு வந்த கையோடை லொட்ஜிலை வைச்சுப் பொலிசுக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. மாசக்கணக்கா உள்ளுக்கை வைச்சிருந்திட்டு, ஒரு குற்றமும் இல்லையெண்டு விட்டவை. போக இடமில்லை. சேர்ச் ஃபாதர் கேட்டு ஐறீன் இடம் குடுத்தவள்.

வந்த மனிசன் வாயே திறக்கேல்லை. சுவரைப் பாத்தபடி இருப்பார். சாப்பாட்டோடை ஆரும் கதவைத் தட்டினால் பொலிஸ் செக்கிங் எண்டு நினைச்சுச் சடாரெண்டு எழும்பி ஐடென்டிக் காட்டை, அதுதான் அடையாள அட்டையை, நீட்டுவார்.

அப்பிடிப்பட்ட மனிசனிட்டைத்தான் இவள் ஒரு பச்சை லவ் பேட்ஸ் குருவியைக் கூட்டோடை கொண்டுபோய் வைச்சாள்.

"மாஸ்டர், இது ஆக்களைக் கண்டால் கூடு முழுக்க அடிபடுது. எனக்குப் பொறுமை இல்லை. கையிலை வந்து இருக்கிற மாதிரிப் பழக்கித் தாங்கோ."

எனக்கு வந்துதே கோவம்!

"ஏன் ஐறீன், மனிசன் பட்டது காணாதே? உமக்கு வேலைக்காரனோ அவர்?"

"நீர் உம்மடை வேலையைப் பாரும், பத்மா."

மாஸ்டர் கூட்டுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டுச் சும்மா இருந்தார். பிறகு உள்ளங்கையிலை தினையை வைச்சுக் கூட்டுக்குள்ளை கையை விட்டார். கை நடுங்கும். குருவி மூலையிலை போய் ஒட்டும். கையை எடுத்திட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் விடுவார். குருவிக்குப் பயம் தெளிய முதல் மாஸ்டரின்ரை கைதான் பழகவேண்டி இருந்துது.

ஒருநாள் காலமை நான் உடுப்புக் காயப்போடேக்கை அந்த அறையிலை இருந்து ஒரு குரல் கேட்டுது.

"வா ராசா... பயப்பிடாதை. நான் ஒண்டும் செய்யமாட்டன். அடிக்கமாட்டன், வா."

மாஸ்டரின்ரை குரலை அண்டைக்குத்தான் முதன்முதல் கேட்டனான். ஈர உடுப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு அழுதிட்டன்.

குருவி விரலிலை ஏறிச்சுது. தோளுக்கு வந்துது. கண்ணாடியைக் கொத்தி விளையாடிச்சுது. மனிசன் சிரிச்சார்!

கன நாள் போகேல்லை. பாத்தால், குருவி திரும்பவும் கூட்டுக்குள்ளை அடிபடுது, கையை நீட்டினால் கொத்துது.

"பழகினதெல்லாம் மறந்திட்டுது போல, மாஸ்டர்," எண்டாள் ஐறீன். "முதலிலை இருந்து தொடங்குங்கோ."

தொடங்கினார். அது பழகிச்சுது. பிறகு அதுவும் "மறந்திட்டுது".

எனக்கெண்டால் ஒரே யோசினை. ஒருநாள் ஐறீன் துணி போட்டு மூடின கூடொண்டோடை த்ரீவீலரிலை ஏறினதைக் கண்டன். விளங்கீட்டுது. மாஸ்டர் பழக்கிற குருவியைக் கொண்டுபோய் விக்கிறாள், அதே பச்சையிலை புதுசொண்டை வாங்கி வைக்கிறாள்! சீ, இதுவும் ஒரு பிழைப்போ?

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போன நேரம் பாத்து மாஸ்டரின்ரை கதவைத் தட்டினன்.

"மெல்லத் திறந்து வாங்கோ பிள்ளை, குருவி பயந்திடும்."

உள்ளுக்கை போனன். மனிசன் எழும்பவுமில்லை, ஐடென்டிக் காட்டை நீட்டவுமில்லை. எனக்கு அதைக் கவனிக்கவே நேரமில்லை.

"மாஸ்டர், உங்களை ஏமாத்துறாள் அவள். குருவி ஒண்டும் மறக்கேல்லை. ஆளையே மாத்துறாள்!"

"தெரியும் பிள்ளை. முதல் வந்ததுக்கு ஒரு கால் நகம் இல்லை. அடுத்தது ஆண், மூக்கடி நீலம். இது பேடு, மூக்கடி மண்ணிறம்."

"தெரிஞ்சுகொண்டோ இருக்கிறியள்?"

"இருக்க இடம் தந்து மூண்டு நேரமும் சோறு போடுறா. வித்து அவவுக்கு நாலு காசு வந்தால் வரட்டன். அதுக்காகத்தான் விடியவே எழும்புறன். எனக்குத் தெரியுமெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, வெக்கப்படுவா."

அவர் சொல்லவேண்டாமெண்டதை நான் சொல்லேல்லை. அதுக்காக என்ரை வாய் சும்மா கிடக்குமோ? ஐறீன் கேற்றைத் திறக்கவே பிடிச்சன்.

"குருவி வித்த காசிலையோ காணிக்கை போட்டிட்டு வாறீர்?"

முழுசினாள். பிறகு என்ரை கையைப் பிடிச்சுக் குசினிக்குள்ளை, அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மெல்லக் கதையும்! ஆர் வித்தது? ரெண்டும் கொட்டாஞ்சேனையிலை என்ரை தங்கச்சி மாக்ரெட் வீட்டிலை நிக்குதுகள். சோத்துக் கோப்பையிலை வந்து குந்துதுகளெண்டு அவள் ஃபோன் எடுத்துப் பேசுறாள்."

"அப்ப ஏன் மாத்துறீர்?"

"முதல் குருவி நல்லாப் பழகினாப் பிறகு மாஸ்டர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பழையபடி சுவரைப் பாக்கத் தொடங்கீட்டார், பத்மா. எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." முந்தானையாலை கண்ணைத் துடைச்சாள். "அவருக்கு இது தெரியாது. தயவுசெய்து சொல்லிப்போடாதையும்."

ரெண்டு பேருக்கும் நடுவிலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன். என்ரை வாய்க்கு அது லேசான வேலை இல்லை.

அந்தப் பேடும் பழகி மாஸ்டரின்ரை தோளிலை ஏறின கிழமை, ஐறீனை வீட்டிலை இருக்கச் சொல்லிப்போட்டுக் குருவிக்கடைக்கு நானே போனன்.

"நல்ல சாதுக் குருவி, நோனா. கூப்பிட்டால் கையிலை வந்து இருக்கும்," எண்டு கடைக்காரன் ஒண்டை நீட்டினான்.

"அது வேண்டாம் தம்பி," எண்டன். "இருக்கிறதுக்குள்ளை நல்லாக் கொத்துற குருவியாப் பாத்துத் தாரும்."