மூன்று முறை கூப்பிட்டாச்சு

“காது அழுக்கு எடுக்க ஒருத்தரும் வரல சிஸ்டர். அறையை மூடிடலாம்,” என்றார் மேலதிகாரி.

நர்ஸ் கெஞ்சிக் கூத்தாடித் திறக்க வைத்த அறை அது. நாலு வாரமாக உள்ளேயிருந்து மைக்கில் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட்டாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

“பேரு பதியறாங்க சார். அப்புறம் எங்கே போறாங்கன்னே தெரியல.”

“மூடிடலாம்,” என்று அவர் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அதே பதில்தான்.

பொதுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த காது அறை அறிவிப்பைக் கிழிக்கப் போனாள். பெஞ்சிலிருந்த பெரியவர் அவள் கையைப் பிடித்தார்.

“ஏம்மா, காதுக்கு எப்பத்தான் கூப்பிடுவீங்க? நாலு வாரமா உட்கார்ந்து பெஞ்சே தேஞ்சு போச்சு!”

“என்னது, கூப்பிட்டாங்களா?” என்று அந்த வரிசை முழுவதும் காதுக்குப் பின்னால் கையை வைத்தது.

அவள் உள்ளே ஓடினாள். “சார், கையெழுத்துப் போடாதீங்க! எல்லாரும் வெளியிலதான் இருக்காங்க!”

அவர் நிமிரவில்லை. மறுபடியும் கத்தினாள். அசைவே இல்லை. மூன்றாவது முறை தோளைத் தட்டியதும்தான் திரும்பினார்.

“வந்தா ஒரு குரல் கொடுக்க மாட்டீங்களா சிஸ்டர்?”

அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, காது கழுவும் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள்.